மாப்பிள்ளையை வேவு பார்க்க ஓசூருக்கு

ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதல் காரியமாக என் கைப்பையைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. அடுத்து, என் பெட்டியை மேலேயிருந்து இறக்கிக் கொடுத்த ஆளைப் பார்த்தேன். கேட்காமலே உதவி செய்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. அவன், “பாத்துப் போங்கம்மா, இங்க குளிரு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டான். போகட்டும். அவனைப் பற்றி நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. தேரிக்காட்டுச் செம்மணலிலும் பனங்காட்டு வெயிலிலும் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், வகுப்பில் எது காணாமல் போனாலும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முகத்தைப் பார்த்தே எடுத்தவனைப் பிடித்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் கிடந்தது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது என் மகளுடைய கல்யாணம்.

மகள் கிரேஸுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சாமுவேல் எங்கள் பக்கத்துப் பையன்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்றார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் சபை நடுவே அறிவிப்பார். இரண்டு ஓலை ஆகிவிட்டது. இரண்டாவது ஓலை அன்று ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். ஓசூரிலிருந்து லீவில் வந்திருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் வாயெல்லாம் பல்லாக எதிரே நின்றார்.

“டீச்சர், ஒங்க மாப்ள சூப்பர்வைசர்னு யாரு சொன்னா? அங்க மெஷினுக்கு அடியில கெடக்க இரும்புச் சுருளக் கூட்டிப் பெருக்கிட்டு இருக்காரு. என்னப்பா இதுன்னு கேட்டா, கர்த்தர் சொன்னாருங்காரு” என்றார்.

இதில் என்னை உறுத்தியது விளக்குமாறு இல்லை. ‘கர்த்தர் சொன்னார்’ என்பதுதான். பரீட்சைக்குப் படிக்காதவன், மாமியாரோடு மல்லுக்கட்டித் தனிக்குடித்தனம் போனவள், பாடகர் குழுவில் முன்வரிசை கேட்டு நின்றவர் என்று எங்கள் சபையில் எல்லாருக்கும் கர்த்தர்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் என்னிடம் மட்டும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குடித்துவிட்டு வேலையைக் கெடுத்தானோ, கைநீளமோ, அங்கே வேறு குடும்பம் உண்டோ என்று மூன்று வழியிலும் என் மனம் ஓடியது.

கிரேஸ் அழவில்லை. “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. நீங்க வேண்டாம்னா எனக்கும் வேண்டாம். சனிக்கிழமைக்குள்ள ஒரு தந்தி குடுத்திருங்க, மூணாவது ஓலையை நிறுத்தச் சொல்லிருதேன்” என்றாள். இவ்வளவு பாரத்தையும் என் தலையில் இறக்கிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை ஓசூர் வரும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டி ஒரு மேட்டில் எங்கள் பஸ் புகைவிட்டு நின்றது. எல்லாரும் இறங்கினோம். டிரைவர் அடியில் புகுந்துகொண்டார். எனக்கு எதிரே நின்ற இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டே நிமிடத்துக்கொரு தரம் என்னைப் பார்த்தார்கள். புரியாத பாஷையில் பேசுகிறவர்கள் நம்மைப் பற்றித்தான் பேசுவார்கள் என்பது என் அனுபவம். பக்கத்தில் கிருஷ்ணகிரி மாம்பழ வியாபாரி ஒருவர் நின்றார், பெரிய தாடிக்கார பாய்.

“பாய், அவங்க என்னப் பத்தியா பேசுதாங்க?” என்று கேட்டேன்.

அவர் காது கொடுத்துக் கேட்டார். “இல்லீங்கம்மா. குந்தாரப்பள்ளி சந்தையில மாடு வாங்குனாங்களாம். வித்தவன் பல்லைக் காட்டாம வயசை ஏமாத்திட்டானாம். இனிமே பெத்த அப்பன் மாடு ஓட்டினு வந்தாலும் வாயைத் தொறந்து பாக்காம வாங்கக்கூடாதுன்னு பேசிக்கறாங்க.”

அந்தப் பெண்களை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நானும் பல் பார்க்கத்தானே வந்திருக்கிறேன்.

பாய் தொடர்ந்தார். “நம்ம பக்கம் வூட்டுக்கு மூணு பாஷைங்கம்மா. சந்தைக்கு ஒண்ணு, சாமிக்கு ஒண்ணு, பொண்டாட்டிகிட்ட சண்டை போட ஒண்ணு.” எங்கள் ஊரில் மூன்றுக்கும் ஒரே பாஷைதான். அதனால் யார் எதற்குக் கத்துகிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஓசூர் ஓட்டலில் சாப்பிட்ட சாம்பார் இனித்தது. வெல்லம் போட்டிருந்தார்கள். எதை மறைக்க என்று சர்வரைக் கேட்டேன். “பெங்களூர்க்காரங்களுக்குப் புடிக்குங்கம்மா” என்றான். பெங்களூர்க்காரர்களுக்குப் பிடித்தால் அவர்கள் ஊரிலேயே சாப்பிட வேண்டியதுதானே! தூரத்து உறவுக்காரி ஒருத்தி வீட்டில் அன்று தங்கினேன். சாமுவேலுக்கு நான் வந்தது தெரியாது. சொல்லிவிட்டு வேவு பார்க்கப் போகிறவர்கள் உண்டா?

வியாழக்கிழமை ஷிஃப்ட் விடுகிற நேரம் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் ஊர் ஆராதனை முடிந்து வெளியே வருவதைவிடப் பெரிய கூட்டம். எல்லாரும் ஒரே நீலச் சட்டை. வாட்ச்மேனிடம், சூப்பர்வைசர் சாமுவேல் இருக்கிறாரா என்று விசாரித்தேன்.

“சூப்பர்வைசரா? ஹெல்ப்பர் சாமுவேலுதான் இருக்காரு. நல்ல ஆளுதான். ஆனா மூளை கொஞ்சம் கொழம்பிடிச்சின்னு பேசிக்கறாங்க” என்றார் அவர்.

நான் போட்டிருந்த மூன்று வழியோடு இது நாலாவது. ஆள் வெளியே வந்தார். நிச்சயத்தன்று பார்த்ததைவிட இளைத்திருந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும், “அத்தை!” என்றார். முகம் வெளிறிப்போயிற்று. திருட்டு மாங்காயோடு அகப்பட்ட முகம் எனக்குத் தெரியாதா?

டீ வாங்கிக் கொடுத்து, “சொல்லுங்க மாப்ளே. எனக்குச் சுத்தி வளைச்சா பிடிக்காது” என்றேன்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. “நைட் ஷிஃப்ட்ல மெஷினைத் தப்பா செட் பண்ணுனது நான்தான் அத்தை. பெரிய சத்தத்தோட உடைஞ்சு போச்சு. கூட மாதப்பன்னு ஒருத்தர் நின்னாரு, எனக்கு முந்தியே வேலைக்கு வந்தவரு. அவரு தூங்கிட்டாருன்னு மேல உள்ளவங்க முடிவு பண்ணுனாங்க. நான் வாயைத் தெறக்கல. அவரை வெளிய அனுப்பிட்டாங்க. கொஞ்ச நாள்ல எனக்கு சூப்பர்வைசர் வேலை குடுத்தாங்க. அதுக்குப் பெறகுதான் நாங்க பொண்ணு பாக்க வந்தோம்.”

என் டீயை அப்படியே பெஞ்சில் வைத்தேன்.

“இங்க சபையில ஒரு உபவாச ஜெபம். முழங்கால்ல நிக்கேன், ஜெபமே வரல. போய்ச் சொல்லு, போய்ச் சொல்லுன்னு மட்டுந்தான் வருது. காதால கேட்டேன்னு சொல்லமாட்டேன் அத்தை. ஆனா வேற ஒண்ணுமே உள்ள வரல. சபையில எந்திரிச்சுச் சாட்சியா சொன்னேன். மறுநா மேனேஜர்ட்ட போய்ச் சொன்னேன். உன்னை யாரும் கேக்கலையே, பேசாமப் போன்னாரு. நான் போகல. அப்புறந்தான் பெருக்குற வேலைக்குப் போட்டாங்க. மாதப்பன் திரும்ப வேலை கேட்டு வந்தா பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

“அந்த மாதப்பனைப் பாத்தீங்களா?”

“இல்ல அத்தை.”

“கர்த்தர் மேனேஜர்கிட்ட மட்டுந்தான் போகச் சொன்னாராக்கும்?” என்றேன்.

“மேனேஜரால வேலையத்தான் எடுக்க முடியும் அத்தை. மாதப்பன் மொகத்தைப் பாக்கணுமே. அவரு ஊரு தேன்கனிக்கோட்டை பக்கம். பஸ் ஏறுவேன். பாதி வழியில இறங்கித் திரும்பி வந்திருவேன். கிரேஸ்ட்ட சொல்லாமப் போனதும் அதே பயந்தான்.”

தாழ்மையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. நாலு பேர் பார்க்கும்போது விளக்குமாறு பிடிப்பது பெரிய கஷ்டமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பெருக்கினால், ஐயோ பாவம், எவ்வளவு தாழ்மை என்று சபையே சொல்லும். நான்தான் கெட்டவன் என்று ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பதற்குத்தான் யாரும் கிடைக்க மாட்டார்கள். இவர் சுலபமான பாதிக்குக் கீழ்ப்படிந்துவிட்டு மிச்சத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததை அவரிடமும் சொன்னேன்.

“நாளைக்கு நானும் வாரேன். நீங்க பாதியில இறங்குனா நானும் இறங்குவேன். நேரா தந்தி ஆபீசுக்குப் போயிருவேன்.”

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, நான் வெளிப்பக்கம் பெட்டியோடு அடைத்து உட்கார்ந்தேன். அவர் வழக்கமாக இறங்குகிற இடம் வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து எழப்பார்த்தார். கண்டக்டர் கன்னடத்தில் எதையோ கூவினார். நான் நகரவில்லை. பஸ் புறப்பட்டது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஊருக்குள் போகும் பஸ் அன்று வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், “வந்தா வரும்” என்றார்கள். எங்கள் பக்கமும் அதே பதில்தான். இவ்வளவு மரியாதையாகச் சொல்ல மாட்டார்கள். கடைசியில் ஒரு டிராக்டர் பின்னால் ஏறிக்கொண்டோம். இரண்டு பக்கமும் ராகி முற்றி நின்றது. நடு நடுவே பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. காற்றா என்று கேட்டேன். “ஆனை” என்றார் டிராக்டர்காரர். வாய்க்கால் ஓரம் பானை வாய் அகலத்துக்குத் தடம் கிடந்தது. எங்கள் ஊரில் விளைச்சலைத் தின்ன வருவது அணிலும் மயிலும்தான். இனிமேல் அவற்றைத் திட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாதப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி கெம்பம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். என் வெள்ளைச் சேலையையும் கையிலிருந்த வேதப்புத்தகத்தையும் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“மதம் மாத்த வந்தீங்களா? போன வருஷமே ஒருத்தரு வந்துட்டுப் போனாரு. எங்களுக்கு எங்க மாரியம்மாவே போதும்” என்றாள். சந்தேகப்படுவதில் என் தங்கச்சி.

அதற்குள் மாதப்பன் உள்ளேயிருந்து வந்துவிட்டார். சாமுவேலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். சாமுவேல் எல்லாவற்றையும் சொன்னார். மெஷின், சத்தம், வாயை மூடிக்கொண்டது, பதவி வாங்கிக்கொண்டது என்று ஒன்றையும் விடவில்லை. காலில் விழப்போனார்.

“எந்திரி. காலுல எல்லாம் வுழாத. நான் தூங்கலைன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இதை எங்கெங்க சொன்ன?” என்றார் மாதப்பன்.

“எங்க சபையில சொன்னேன். மேனேஜர்ட்ட சொன்னேன்.”

“எங்க ஊருல சொன்னியா?”

அப்புறம் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “ஆனை வர்ற காலத்துல காட்டு ஓரமா பரண் கட்டி, வூட்டுக்கு ஒரு ஆளு முறை போட்டுக் காவல் இருப்போங்க. ஒருத்தன் கண்ணசந்தா ஊரு ராகி மொத்தமும் போச்சு. கம்பெனியில தூங்குனவன்னு சேதி வந்ததும் என்னை முறையில இருந்து எடுத்துட்டாங்க. என் முறைக்கு என் மச்சான் ஏறுறான். பொம்பளைங்க என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. வேலை போனது பெருசில்லீங்க. கூலி வேலை எங்கயும் கெடைக்கும். ஊரு என்னை நம்பமாட்டேங்குதே, அதுக்கு எங்க போறது?”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமுவேல் மேல் அப்போது வந்த கோபத்துக்கு, தந்தி ஆபீஸ் பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே கல்யாணம் நின்றிருக்கும்.

பொழுது சாயும்போது மாரியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். தினமும் அங்கேதான் யார் எந்தப் பரண் என்று பேசி முடிப்பார்கள். பெண்கள் ஓரமாக நின்றார்கள். சாமுவேல் நடுவில் போய் நின்று மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். கன்னடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒருவர் திருப்பிச் சொன்னார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், “மாதப்பனே ஆளு புடிச்சுக் கூட்டினு வந்துட்டானோ?” என்றது. அந்தக் குரலை நான் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

ஊர்ப் பெரியவர் ஒரு கற்பூரக் கட்டியைப் படிமேல் வைத்துக் கொளுத்தினார். “பேச்செல்லாம் எதுக்கு? நீ சொல்றது நெசம்னா அம்மன் முன்னால இதைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணு. முடிஞ்சிபோச்சி” என்றார்.

சாமுவேல் கையை நீட்டவில்லை. “என்னை மன்னிச்சிருங்கய்யா. எங்க விசுவாசத்துல அது கூடாது. சத்தியம் பண்ணாமச் சொல்லுதேன், நெசம்தான்” என்றார்.

கூட்டம் சலசலத்தது. பாரு, நழுவறான் பாரு என்றார்கள். என் மனமும் அதையேதான் சொன்னது. விசுவாசம் நல்ல கேடயம். அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அங்கேயே நின்றார். ஓடவில்லை, கோபப்படவில்லை, வாதாடவில்லை. பொய்யன் என்று ஊரே சொல்ல, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது.

அப்போதுதான் ஓரத்திலிருந்து கெம்பம்மா என்னைக் கைகாட்டினாள். “இந்தம்மா யாரு? கேளுங்க” என்றாள். நான் சொன்னேன்: பெண்ணின் அம்மா, இவருக்கு என் மகளைக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம் என்று.

“அவுரு சத்தியம் பண்ண வேணாம். நீங்க சொல்லுங்க. இப்ப இவ்ளோ கேட்டீங்களே, இன்னமும் அவுரு பேச்சை நம்பிப் பொண்ணைக் குடுப்பீங்களா?” என்று கேட்டாள் கெம்பம்மா.

பெரியவர் தலையை ஆட்டினார். “நாயம்தான். உங்க பொண்ணை நீங்க குடுத்தா, எங்க ராகியை நாங்க மாதப்பன் கையில குடுக்கறோம். நீங்க நம்பாத ஆளை எங்களை நம்பச் சொல்லாதீங்க.”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் விசாரிக்க வந்தவள்! என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டார்களே! யோசித்துச் சொல்லுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. ஊருக்குப் போய், நாலு பேரைக் கேட்டு, இன்னும் இரண்டு மாதம் கவனித்து என்றெல்லாம் வரிசையாக வந்தது. சாமுவேல் என்னைப் பார்க்கவில்லை; கெஞ்சவும் இல்லை. மாதப்பன் மட்டும் என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்றால் இன்றைக்கும் அவருடைய மச்சான்தான் பரண் ஏறுவான்.

ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கர்த்தர் கூப்பிட்டால் உடனே போக வேண்டும் என்று! வேதத்தில் அவரிடம் நேரம் கேட்டவர்களையும், போகச் சொன்னதும் கப்பலேறி ஓடியவரையும் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்! எனக்குக் குரல் ஒன்றும் கேட்கவில்லை. வானம் திறக்கவில்லை. பயமாக இருந்தது. கிரேஸின் முகம் வந்தது. சொல்லு என்பதைத் தவிர வேறு ஒன்றுமே உள்ளே வரவில்லை.

“குடுக்கேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாக, “என் மகளைக் குடுக்கேன்” என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. பெரியவர், “சரி, கெழக்குப் பரண் மாதப்பனுக்கு” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளின் பேச்சுக்குப் போய்விட்டார்கள். மாதப்பன் வீட்டுக்கு வந்து கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சாமுவேல், நானும் கூட வரட்டுமா என்று கேட்டார். மாதப்பன் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பினார். பிறகு, “ஆனையைத் தட்டி வெரட்டற தகர டப்பாவை எடுத்துனு பின்னால வா. மேல ஏறாத. கீழ நெருப்பைப் பாத்துக்க. மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிக்காத” என்றார். சாமுவேல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

அன்று திரும்பிப் போக பஸ் இல்லாததால் கெம்பம்மா வீட்டிலேயே தங்கினேன். சூடாக ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று காட்டினாள். மெல்லாமல் விழுங்குவது என் பழக்கத்துக்கே விரோதம், கஷ்டப்பட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நெசமாவே நம்பித்தான் சொன்னீங்களா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “இல்ல தாயி. சொல்லிட்டேன். இனிமேதான் நம்பணும்” என்றேன்.

“நானும் அப்படித்தான் இந்தாளைக் கட்டிக்கினேன்” என்றாள் கெம்பம்மா. கேட்காமலே இன்னொரு உருண்டையை என் தட்டில் வைத்தாள்.